செயலாளர் பேட்டி ஒளிபரப்பான மாலை

மழை பெய்வதென்றாலும் தன்னிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது தூத்துக்குடி செவ்வந்தி குடியிருப்பின் செயலாளர் சபாநாயகத்தின் எண்ணம். முப்பது வீட்டுக்கும் டிஷ் மாட்டவைத்த கையோடு, கேபிள்காரன் தங்கப்பழத்தைக் கூப்பிட்டார். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உன் ஒயர் ஒண்ணுகூட இங்க தொங்கக் கூடாது."

தங்கப்பழத்தின் பிழைப்பே அந்த முப்பது இணைப்புதான். ஆனாலும் கெஞ்சவில்லை. வானத்தை ஒருமுறை பார்த்தான். காவலாளி அறைக்குப் போகும் ஒயரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழற்றினான்.

ஆறு மணிக்கு டிவியில், முன்பே பதிவு செய்த செயலாளரின் பேட்டி. குடியிருப்பே அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஐப்பசி மழை கொட்டியது. திரையில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் பளிச்சென்று தெரிந்தது. முப்பது வீட்டிலும் அதே நிகழ்ச்சிதான்.

செயலாளர் வெளியே வந்து, கீழே காவலாளி அறை வாசலில் நின்ற தங்கப்பழத்தைப் பார்த்துக் கத்தினார். "டேய், என்னடா செஞ்ச? பத்து நிமிஷத்துல படம் வரணும்!"

"நான் ஒண்ணும் செய்யல சார். டிஷ்ஷுக்கும் சாட்டிலைட்டுக்கும் நடுவுல மழை மேகம் நிக்குது. அதை நகரச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. உங்க முகத்தைப் பாக்கணும்னா கீழ வாங்க."

குடைகளோடு எல்லோரும் காவலாளி அறைக்கு ஓடினார்கள். அங்கிருந்த பழைய டிவியில் செயலாளர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். "கேபிளெல்லாம் காலாவதி ஆயிடுச்சுங்க. எங்க குடியிருப்புல ஒண்ணுகூடக் கிடையாது."

வாசலில் தங்கப்பழம் கட்டிங் பிளேயருடன் பணிவாக நின்றான். "சார், இந்தக் கடைசி ஒயரை இப்பவே வெட்டட்டுமா, நீங்க பேசி முடிச்சதும் வெட்டட்டுமா?"

செயலாளர் வாய் திறப்பதற்குள் மூன்றாம் மாடி டீச்சர் முந்திக்கொண்டார். "அதை விடுப்பா. முதல்ல எங்க வீட்டு ஒயரைத் திரும்ப மாட்டு."