முப்பத்தேழு அர்த்தமும் ஒரு பிடி உப்பும்

“கிடைக்கறதும் ‘கெட்’. வாங்கறதும் ‘கெட்’. புரியறதும் ‘கெட்’. பஸ்ஸுல ஏறினாலும் ‘கெட்’, எறங்கினாலும் ‘கெட்’. இப்படி ஒரு வார்த்தையை வெச்சுண்டு இந்த இங்கிலீஷ்காரா எப்படித்தான் பேசிக்கறாளோ டீச்சர்?”

சடகோபன் நோட்டை நீட்டினார். முப்பத்தேழு அர்த்தம். எண் போட்டு எழுதியிருந்தார். பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் முப்பது வருடமாகச் சமைப்பவர் அவர்.

மெர்லின் டீச்சருக்கு அவர் மகள் வயதுதான். நோட்டை வாங்கினாள். புரட்டவில்லை.

நாலு மணிக்குப் போன் வரும். கடல் தாண்டி ஒரு கோயிலில் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்த ஊரில்தான் அவருடைய ஒரே மகள் இருக்கிறாள். பார்த்து ஆறு வருடமாயிற்று.

போன மாதமும் கூப்பிட்டார்கள். “டிட் யூ கெட் அவர் லெட்டர்?” கடிதம் கிடைத்ததா என்றுதான் கேட்டார் அந்தக் கோயில் மேனேஜர். இது எந்த ‘கெட்’ என்று சடகோபன் மனசுக்குள் தேடி முடிப்பதற்குள் மேனேஜர் போனை வைத்துவிட்டார். இன்றும் கோட்டை விட்டால் வேறு ஆளாம்.

மணி மூன்று ஐம்பது. சடகோபன் கையை நீட்டினார்.

“நோட்டைக் குடுங்கோ டீச்சர். இன்னொரு தரம் பார்த்துடறேன்.”

“இன்னிக்குக் கோயில்ல என்ன பிரசாதம் சாமி?”

“புளியோதரை. அதுக்கென்ன இப்போ?”

“உப்பு சரியா இருந்துச்சா? டேஸ்ட் பார்த்தீங்களா?”

சடகோபனுக்குச் சுருக்கென்றது. “பெருமாளுக்கு முன்னாடி நாங்க வாயில வைக்கப்படாது. மோந்துகூடப் பார்க்கப்படாது.”

“அப்போ அளவு?”

“அளவாவது ஒண்ணாவது. சாதத்தைப் பார்த்தா கைக்குத் தெரியும்.”

“தயிர் சாதத்துக்கும் அதே அளவா?”

“அது வேற பிடி.”

“சர்க்கரைப் பொங்கலுக்கு?”

“ஒரு சிட்டிகை. உப்புன்னே தெரியப்படாது.”

“இதெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கீங்களா சாமி?”

இந்த நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “நோட்டைப் பார்த்துண்டு நின்னா சாதம் ஆறிடாதோ?”

டீச்சர் எழுந்தாள். நோட்டை பீரோவின் தலைமேல் வீசினாள். அது சுவரோரமாகப் போய் விழுந்தது. நாற்காலி போட்டு ஏறினாலும் அவர் கைக்கு எட்டாது.

“டீச்சர்...”

போன் அடித்தது.

அவர் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரே பச்சைப் பொத்தானை அழுத்தி அவர் காதில் வைத்தாள்.

“டிட் யூ கெட் அவர் லெட்டர்?”

சடகோபனின் வலது கை விரல்கள் உப்பு எடுக்கப் போவதுபோல் தாமாகக் குவிந்தன.

“எஸ் சார். லெட்டர் கேம். வென் ஐ கம்?”