பைக்குள் பூத்த நீலம்

ஒரு விடுகதை போடுகிறேன். பூக்கும்போது தலை குனியும், காய்க்கும்போது தலை நிமிரும். அது என்ன?

குளிர் மலையில் வளர்ந்த பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள்: கொலம்பைன். மற்றவர்களுக்கு நான் சொல்கிறேன். முழங்கால் உயரச் செடி. மணி போலத் தொங்கும் பூ. ஒவ்வொரு இதழுக்குப் பின்னாலும் ஒரு சின்ன வால். வால் நுனியில் துளி தேன்.

பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும் ஓர் ஆசிரமத்தில் அந்தச் செடிகள் நிறைய இருந்தன. வெள்ளை, ரோஸ், ஊதா. நீலம் மட்டும் ஒரே செடி. அதை விதைத்தவள் தெய்வானை. நர்ஸ் படிப்புக்காக மலையிறங்கியபோது தங்கை பவளத்திடம், "நான் திரும்பி வரும்போது இதே நீலம் இங்கே இருக்கணும்" என்றாள். பவளம் அக்காவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

கொலம்பைனுக்கு நீண்ட ஆயுள் கிடையாது. நீலச் செடியின் அடித்தண்டு கட்டையாகிவிட்டது. அடுத்த குளிரைத் தாண்டாது என்று குருவே சொன்னார்.

"சாமி, இது செத்துப்போனா அதே நீலம் மறுபடி வருமா?" என்று கேட்டாள் பவளம்.

குரு களை பிடுங்கிக்கொண்டிருந்தார். "விதை போட்டா செடி வரும். நிறம்தான் மாறிடும். தேனீ எல்லாத்தையும் கலந்துடும்."

"கலக்காம இருக்கணும்னா?"

"மொட்டிலேயே துணிப்பை கட்டணும். தேனீ தொடாத பூவோட விதை பெரும்பாலும் தாய் மாதிரியே வரும்."

மறுநாள் நீல மொட்டுகள் எல்லாவற்றிலும் வெள்ளைப் பைகள் தொங்கின.

சமையல்காரர் ராக்கப்பன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏ புள்ள, பூவுக்கு ஜலதோஷமா? குல்லா மாட்டி விட்டிருக்கே?" பிறகு கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார். "அடிப்பாவி! இது என் பால் வடிகட்டுற துணியாச்சே!"

"விதை முத்தினதும் தந்துடறேன் மாமா."

"அதுவரைக்கும் எல்லாரும் பாலை ஆடையோட குடிங்க."

மொட்டுகள் பைக்குள்ளேயே விரிந்தன. மேகம் இறங்கினால் செடி மறைந்துவிடும். பைகள் மட்டும் வெள்ளையாக மிதக்கும். தேனீக்கள் வந்து துணியின்மேல் உட்காரும், சற்று நடக்கும், போய்விடும். பவளம் பக்கத்திலேயே காவல் இருந்தாள். சில சமயம் கண் அயர்ந்தாள். கனவிலும் தேனீக்கள் துணிமேல் நடந்தன.

ஒரு மத்தியானம் குரு வந்து அவளருகில் உட்கார்ந்தார்.

"இந்த வருஷம் நீலம் எப்படி?"

பவளம் பைகளைப் பார்த்தாள்.

"தெரியலை சாமி. உள்ளே இருக்கு."

"போன வருஷம் எப்படி இருந்தது?"

"பொழுது சாயுற நேரத்து வானம் மாதிரி. இல்லை, இன்னும் கொஞ்சம் கறுப்பு." அவள் கண்களை மூடி யோசித்தாள். "சரியா ஞாபகம் வரலை."

ஒரு தேனீ பையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"பையை அவிழ்த்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள் பவளம்.

"தேனீ உள்ளே போகும். விதையில என்ன நிறம் இருக்கும்னு எனக்கும் தெரியாது, தேனீக்கும் தெரியாது."

"அக்கா வந்து, இது அந்த நீலம் இல்லையேன்னு கேட்டா?" அவள் குரல் உடைந்தது. "நான் சத்தியம் பண்ணியிருக்கேன் சாமி."

குரு விரல்களில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"படிச்சு முடிச்சு வர்ற தெய்வானை, இங்கிருந்து போன தெய்வானை மாதிரியே இருப்பாளா?"

பவளம் எழுந்துபோய், ஒன்றைத் தவிர மற்றப் பைகளையெல்லாம் அவிழ்த்தாள்.