செவலியோட குட்டிங்க பால் மறந்த கதை

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு. ராசான்னா உலகத்தையே ஆண்ட ராசா இல்லை. கோட்டை மதில் மேல ஏறி நின்னா நாடு முழுசும் தெரியும், அவ்வளவுதான் நாடு. அவரு பேரு மருதப்பெருமாள். நல்ல மனுசன், யார் எதைச் சொன்னாலும் நம்புவாரு. ராசாவுக்கு அது நல்லதான்னு கேக்காதீங்க, ராசாவைச் சுத்தி இருந்தவங்களுக்கு ரொம்ப நல்லது.

அந்த ராசாகிட்ட செவலின்னு ஒரு வேட்டை நாய் இருந்துது. ஒரு தடவை காட்டுல பன்னி முட்ட வந்தப்போ, கூட வந்த வீரர்களெல்லாம் ஆளுக்கொரு மரமாப் பாத்து ஏறிக்கிட்டாங்க. செவலிதான் ராசா முன்னாடி நின்னுச்சு. அதுல இருந்து ராசாவுக்கு செவலின்னா உசுரு. மந்திரி வந்தா உக்காந்தே பேசுவாரு, செவலி வந்தா எந்திரிச்சுப் போயி தடவிக் குடுப்பாரு.

அந்த செவலி குட்டி போட்டுச்சு. அஞ்சு குட்டி. கண்ணு தொறந்துது, தத்தக்கா பித்தக்கான்னு நடந்துது, அப்புறம் அரிசி மணியாட்டம் பல்லும் முளைச்சுது. சரி, குட்டிங்களுக்குப் பால் மறக்கடிச்சு சோறு பழக்கணுமே, அதுக்கு நம்பிக்கையான ஆளு வேணுமேன்னு ராசா யோசிச்சாரு. அப்போ பக்கத்துல வெத்தலை மென்னுக்கிட்டு இருந்தான் அவரு மச்சான் கோலப்பன்.

கோலப்பன் யாருன்னா, ராணி பெத்தநாச்சிக்குக் கூடப் பொறந்த அண்ணன். இளவரசனுக்குப் பேரு வைக்க வந்தவன். பேரு வச்ச புள்ளைக்குப் பல்லே முளைச்சிடுச்சு, இவன் மட்டும் இன்னும் ஊருக்குக் கிளம்பலை. "மாப்ள, குட்டிங்களை எங்கிட்ட விடுங்க, பெத்த தாய் மாதிரி பாத்துக்கறேன்"னான். ராசா நம்பிட்டாரு.

மொதல்ல கேப்பங்கூழ் காய்ச்சி, ஆட்டுப்பால் ஊத்தி, ஒரு பெரிய தட்டுல அனுப்பினாரு ராசா. கோலப்பன் நாய்க் கொட்டாய்க்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டான். குட்டிங்க வாலை ஆட்டிக்கிட்டு காலைச் சுத்துச்சுங்க. இவன் தட்டைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சு, அப்படியே குடிச்சுட்டு வெளிய வந்தான். அரண்மனைப் பந்தியில அவனுக்கும் இலை போடுவாங்க, அங்கே தின்னுட்டுத்தான் இங்கே வருவான். பசியில தின்னா பாவம்னு விட்டுடலாம். இவன் கைக்கு எட்டுதேன்னு தின்னான்.

"என்ன மச்சான், குட்டிங்க தின்னுச்சா?"

"எங்க மாப்ள, மோந்து கூடப் பாக்கலை. ராசா வூட்டுக் குட்டிங்க இல்லையா, கூழு எறங்குமா?"

அதுவும் சரிதானேன்னு ராசா, சோத்தைக் குழைய வடிச்சு, எலும்புச் சாறு ஊத்திப் பெசைஞ்சு அனுப்பினாரு. கோலப்பன் கதவைச் சாத்தினான், தட்டைத் தூக்கினான், தின்னுட்டு வந்தான்.

"இப்பவாவது தின்னுச்சா மச்சான்?"

"எங்க மாப்ள, மூஞ்சியைத் திருப்பிக்கிச்சுங்க. வெறும் சாறு ஊத்தினா எப்படி? கறி வேணும் போல."

சரின்னு ராசா, இளங்கறியா வாங்கி, பஞ்சா வேக வச்சு, பொடிப் பொடியா நறுக்கி அனுப்பினாரு. மறுபடியும் கதவு மூடிச்சு, தட்டு மேல போச்சு, காலியா கீழ வந்துது. இப்படியே நாள் போக, நாய்க்குட்டிக்குச் சோறு பழக்குறேன்னு போன கோலப்பனுக்கு இடுப்பு வேட்டி எட்டலை. பாக்குறவங்கல்லாம், "பாவம், குட்டிங்க கவலையில ஊதிப் போயிட்டாரு"ன்னாங்க. அரண்மனையில அப்படித்தான் பேசுவாங்க.

அங்க செவலி பாடுதான் படாத பாடு. குட்டிங்களுக்கு வேற எதுவும் கிடைக்கலை, அதனால தாயையே புடிச்சு இழுத்துச்சுங்க. பல்லு முளைச்ச வாயி, கடிச்சுக் குடிக்குதுங்க. செவலிக்கு எலும்பு தெரிஞ்சுது, காம்பெல்லாம் புண்ணாச்சு. வலி பொறுக்காம உர்ருன்னு உறுமும், எந்திரிச்சுப் போயிடும். குட்டிங்க பசியில கத்தும். அது காதுல விழுந்தா தாயால சும்மா இருக்க முடியுமா? தண்ணி போற மடை வழியா வெளிய நுழைஞ்சு போயி, வயக்காட்டுல எலியோ முயலோ புடிச்சுத் தின்னுட்டு, ஓட்டமா ஓடி வரும். குட்டிங்க அதோட வாயை நக்கும். நக்கினதும், தின்னதைக் குட்டிங்க முன்னாடியே கக்கும். குட்டிங்க அதைத் தின்னுச்சுங்க. சீன்னு மூக்கைப் புடிக்காதீங்க. பல்லு சரியா வராத குட்டிக்கு அதான் அம்மா ஊட்டுற குழைஞ்ச சோறு.

ஒரு நாள் ராசா குட்டிங்களைப் பாக்கணும்னு கிளம்பி வந்துட்டாரு. வந்த நேரம் பாத்து செவலி உறுமுது, ஒரு குட்டியைத் தட்டி விடுது, அப்புறம் வாயைத் தொறந்து கக்குது. கோலப்பன் அதையே சாக்காப் புடிச்சுக்கிட்டான்.

"மாப்ள, உங்க மனசு நோகுமேன்னு சொல்லாம இருந்தேன். செவலிக்கு வெறி புடிச்சிருக்கு. பெத்த குட்டியையே கடிக்க வருது, ஊரெல்லாம் ஓடுது, கக்குது. நாளைக்கு இளவரசனைக் கடிச்சா யாரு பொறுப்பு?"

இளவரசன்னதும் ராசாவுக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. கண்ணு கலங்கிச்சு, ஆனா உத்தரவு போட்டுட்டாரு. விடிஞ்சதும் செவலியைக் காட்டுக்குக் கொண்டு போயி ஈட்டியால குத்திடணும்னு.

போட்டுட்டு நேரா ராணிகிட்டப் போயி விக்கி விக்கி அழுதாரு. ராணி அப்போ வேப்பிலையை அரைச்சு வழிச்சுக்கிட்டு இருந்தா. இளவரசனுக்குப் பால் மறக்கடிக்கத்தான்.

"எப்போங்க உறுமுச்சு செவலி?"

"குட்டிங்க பால் குடிக்க வர்றப்போ."

"காலையில உங்க புள்ளை கடிச்ச கடியில நான் அவன் தொடையில ஒரு கிள்ளு கிள்ளினேன். என்னை எப்போ காட்டுக்கு அனுப்பறதா இருக்கீங்க?"

ராசா அழுகையை நிறுத்திட்டு முழிச்சாரு. ராணி கையைக் கழுவிக்கிட்டு நாய்க் கொட்டாய்க்குப் போனா. ஓரமா நின்னு பாத்தா. செவலி வாயை நக்கி, அது கக்கினதை அஞ்சு குட்டியும் அடிச்சுப் புடிச்சுத் தின்னுதுங்க. கறியையே மோந்து பாக்காத குட்டிங்களா இதுன்னு நெனச்சா. பக்கத்துல காலித் தட்டு பளபளன்னு இருந்துது. எல்லாம் புரிஞ்சு போச்சு.

ஆனா பொறந்த வூட்டு மனுசன்னு அவளுக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். நாயா, அண்ணனான்னு வந்தா யாரு நாயைச் சொல்லுவா? அவனைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டா.

"அண்ணே, ஒரு வாயாவது அதுங்களுக்கு வச்சியா? வைக்கலைன்னா வைக்கலைன்னு சொல்லிடு. அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"தாயி, உன் புள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். எல்லாம் அதுங்களுக்குத்தான் வச்சேன்."

தன் தலையைச் சொல்லியிருந்தாக் கூட விட்டிருப்பா. புள்ளை தலையைச் சொல்லிட்டான். அவ நேரா வந்து ராசாகிட்ட, "நாளைக்குக் காலையில குட்டிங்களைச் சபைக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. அதுக்கப்புறம் யாரைக் குத்தணுமோ குத்துங்க"ன்னா.

மறுநாள் சபை கூடிச்சு. கோலப்பன் நாய்க் கொட்டாயில காலை வேலையை முடிச்சுட்டு, ஏப்பம் விட்டுக்கிட்டு வந்து தரையில சப்பணம் போட்டு உக்காந்தான். குட்டிங்களை அவுத்து விட்டாங்க. அதுங்க மந்திரியைத் தாண்டிச்சு, தளபதியைத் தாண்டிச்சு, ராசாவையே தாண்டிச்சு. நேரா கோலப்பன் மடியில ஏறி, அவன் மீசையையும் உதட்டையும் நக்கோ நக்குன்னு நக்குதுங்க.

கோலப்பனுக்குப் பெருமை தாங்கலை. "பாத்தீங்களா மகாராசா, பெத்த தாய்கிட்ட வர்ற மாதிரி வருதுங்க."

"ஆமாங்க," ராணி சொன்னா. "தாய்கிட்டயும் இப்படித்தான் போகும். தின்னுட்டு வந்தவங்க வாயைத்தான் குட்டிங்க நக்கும், எங்க பங்கைக் கக்குன்னு."

சபையில இருந்தவங்களுக்குப் புரிஞ்சு போச்சு. ராசாவுக்கு மட்டும் இன்னும் புரியலை. ராணி ஒரு தட்டு கறிச்சோறு கொண்டு வரச் சொல்லிக் கீழ வச்சா. குட்டிங்க நாலு காலையும் தட்டுக்குள்ள விட்டு, மூக்கு வரைக்கும் சோத்துல புதைஞ்சு, வழிச்சுத் தின்னுட்டுத் தட்டையே உருட்டுச்சுங்க.

"இன்னைக்குத்தான் பழகியிருக்கும் போல"ன்னான் கோலப்பன். அவன் குரல் அவனுக்கே கேக்கலை.

அப்போதான் ராசாவுக்கு வெளிச்சம் வந்துது. முகம் செவந்து போச்சு. மந்திரி சவுக்கடி குடுக்கலாம்னாரு, தளபதி மொட்டை அடிச்சு ஊரைச் சுத்த விடலாம்னாரு. ராணி குறுக்க வந்து, "என் அண்ணனை யாரும் தொடக் கூடாது. பெத்த தாய் மாதிரின்னு சபையில சொன்னாரு, அந்தப் பதவியையே குடுத்துடுங்க. நாய்க் கொட்டாயிலயே இருக்கட்டும். அஞ்சுக்கும் அவரு கையால ஊட்டட்டும். அதுங்க வயிறு ரொம்பித் தட்டுல மிச்சம் இருந்தா, அது அவருக்கு"ன்னா.

வளர்ற குட்டிங்க தட்டுல மிச்சம் வைக்குமா? ஒரு பருக்கையும் வைக்கலை. ராசா ஓடிப் போயி செவலி கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதாரு. செவலிக்குப் புண்ணு ஆறிச்சு, உடம்பு தேறிச்சு. கோலப்பன் விரல்ல கடிபடாத இடம் இல்லை. ராணி தினம் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டு வந்து, அவன் முன்னாடி வச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாமப் போவா. அந்தக் கஞ்சியைக் குடிக்கிறப்போ மட்டும் அவன் கண்ணுல தண்ணி வரும்.

ஊருக்குப் போறேன்னு அவனா கேட்ட அன்னைக்கு, ராணி கட்டுச்சோறு கட்டிக் குடுத்தா. பாதி வழியில ஆலமரத்தடியில மூட்டையை அவுத்தான். எங்கயோ இருந்து ஒரு தெரு நாய்க்குட்டி வந்து எதிர்ல உக்காந்துச்சு. கோலப்பன் அதைப் பாத்தான், சோத்தைப் பாத்தான். மொத உருண்டையை அதுக்கு வச்சுட்டு, அது தின்னு முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். திருந்திட்டானா, இல்ல பயமான்னு கேட்டா எனக்கும் தெரியாது. குட்டிக்கு வயிறு ரொம்பிச்சு, அதுக்கு அது போதும்.

செவலி அங்க தூங்குது, குட்டிங்க அது மேல தூங்குது. நீங்களும் ஒருத்தர் மேல ஒருத்தர் காலைப் போடாமத் தூங்குங்க. கதை போயிடுச்சு.