காசில்லாத மதில்

அரசன் வாயைத் திறந்தால் அதுவே சட்டம் என்றிருந்த காலத்துக் கதை இது. உட்காருங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது. எத்தனை தடவை சொன்னாலும் வயிறு எரிகிறது.

முந்நாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. மலைநாடு, வயல்நாடு, கடல்நாடு என்று மூன்றும் தனித்தனியாக இருந்தவை. பிறகு ஒரு நல்ல அரசன் காலத்தில் மூன்று தலைவர்களும் கூடிப் பேசி ஒன்றாகச் சேர்ந்தார்கள். படையும் நாணயமும் அரசனுக்கு. மற்றபடி மலைவாசல் மலைநாட்டுக்கு, மதகு வயல்நாட்டுக்கு, துறைமுகம் கடல்நாட்டுக்கு. கையடித்துச் சத்தியம் செய்த பேச்சு அது.

மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டல் நாடு. அது வேறு ராஜ்யம், வேறு அரசர். இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட மேடு. மேடு முழுக்க ஆள் உயரப் புல். கோடையில் அது காய்ந்து சருகாகிவிடும். ஒரு பொறி விழுந்தால் போதும்.

அதனால் இரு பக்கத்து ஜனங்களும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கோடை ஏறுவதற்கு முன், மாசியில், எல்லோரும் மேட்டில் கூடுவார்கள். புல்லின் குறுக்கே அகலமாக ஒரு பட்டையை அவர்களே எரித்துவிடுவார்கள். அப்புறம் எங்கே தீப்பிடித்தாலும் அந்தக் கரிந்த இடத்தைத் தாண்டி வராது. மலைநாட்டு ஆட்கள் கொண்டல் நாட்டுப் பக்கம் போய், பொறியை அடித்து அணைக்கப் பச்சைத் தழையோடு காவல் நிற்பார்கள். கொண்டல் நாட்டு ஆட்கள் மலைநாட்டுப் பக்கம் வந்து நிற்பார்கள். என் வீட்டை நீ பார்த்துக்கொள், உன் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் கணக்கு. எரித்து முடித்ததும் தினைமாவில் தேன் ஊற்றிப் பிசைந்து தின்பார்கள். அங்கேயே பெண் கேட்பார்கள், பெண் கொடுப்பார்கள்.

மலைநாட்டுத் தலைவி கொற்றியின் ஒரே மகள் நங்கையும் அப்படித்தான் மேட்டுக்கு அந்தப் பக்கம், தேனூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தேனூருக்குப் பின்னால் கிடுகிடு பள்ளம். மற்ற பக்கமெல்லாம் புல். நடுவே பாறைகளுக்கு இடையில் ஒரு கணவாய். அந்தக் கணவாய் மலைநாட்டு வாசலில் வந்து முடியும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் உதியவர்மன் என்று ஒரு புது அரசன் பட்டத்துக்கு வந்தான். வந்தானே!

அவனுக்கு நுண்மதி என்று ஒரு மந்திரி. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். "மகாராஜா, பக்கத்து நாட்டான் தீப்பந்தத்தோடு நம் எல்லைக்குள் வந்து நிற்கிறான். வருஷா வருஷம் வருகிறான். அந்தத் தலைவி அவனுக்குத் தேன் ஊற்றிக் கொடுக்கிறாள்" என்று ஓதினான் மந்திரி.

அரசனும் மேட்டைப் பார்த்ததில்லை, மந்திரியும் பார்த்ததில்லை. பார்க்காதவனுக்குத்தானே தைரியம் அதிகம்? அன்றே மூன்று உத்தரவு பிறந்தது. மலைவாசலைப் பூட்டு. சாவியைத் தலைநகருக்குக் கொண்டு வா. புல்லில் ஒருவனும் கைவைக்கக் கூடாது, வளரட்டும்.

"ஒரு காசு செலவில்லாமல் எனக்கு ஒரு மதில்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான் அரசன். சபையும் சிரித்தது. வயல்நாட்டுத் தலைவரும் கடல்நாட்டுத் தலைவரும்கூட அங்கேதான் இருந்தார்கள். மலையின் வாசல்தானே, நமக்கென்ன வந்தது என்று அவர்களும் பல்லைக் காட்டினார்கள்.

வாசலில் காவலுக்குக் கடல்நாட்டிலிருந்து சாத்தன் என்று ஒரு வீரனை அனுப்பினார்கள். உள்ளூர்க்காரன் என்றால் தெரிந்த முகத்துக்கு இரக்கப்படுவானாம். நல்ல ஏற்பாடு!

முதல் வருஷம் புல் தலைக்கு மேல் வளர்ந்தது. எதிர்ப்பக்கம் காவல் நிற்க ஆள் இல்லாமல் கொண்டல் நாட்டாராலும் பட்டை எரிக்க முடியவில்லை. கொற்றி தலைநகருக்குப் போனாள். "பட்டை எரிக்க வேண்டும், வாசலைத் திறந்துவிடுங்கள்" என்று கேட்டாள். "எல்லை என்பது அரசாங்க விஷயம். உங்களுக்கு எதற்கம்மா அந்தக் கவலை?" என்றான் மந்திரி.

இரண்டாம் வருஷம் பழைய புல் சாய, அதன்மேல் புதுப் புல் வளர்ந்தது. கொற்றி மறுபடி போனாள். இந்தத் தடவை அரசனே பேசினான். "உன் மகள் அங்கே இருக்கிறாள். அதனால்தான் அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறாய். நீ எந்த நாட்டுக்காரி?" என்று சபை நடுவே கேட்டான். கேட்கிற கேள்வியா அது? ஒரு நாட்டுத் தலைவியைப் பார்த்து?

மூன்றாம் வருஷம் மேட்டில் மனிதன் நுழைய முடியாத அளவு காய்ந்த புல். கொற்றி மூன்றாவது முறையும் போனாள். நங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது, ஆண் குழந்தை. பேரன் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. இந்தத் தடவை அரண்மனை வாயிலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் உதியவர்மன் வருஷம் தவறாமல் கொண்டல் நாட்டு அரசருக்குப் பட்டும் பச்சைக்கிளியும் அனுப்பிக்கொண்டிருந்தான். நாம் நண்பர்கள், நம் நட்பு வாழ்க என்று ஓலையும் போகும். தாய்வீட்டுக்குப் போகமுடியாத பெண்கள் அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு ஆடவேண்டும் போலிருக்கிறது!

அந்தப் பங்குனியில் தீப்பிடித்தது. மூங்கில் உரசியதோ, என்னவோ. யாரும் வைக்கவில்லை. மூன்று வருஷப் புல் மளமளவென்று எரிந்தது. காற்று தேனூர்ப் பக்கம் வீசியது. ஊர் ஜனம் கிழவர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கணவாய்க்குள் ஓடியது. வழி எங்கே முடியும்? பூட்டிய வாசலில்.

கதவுக்குப் பின்னால் அலறல் கேட்டது. புகை பாறை இடுக்கில் சுருண்டு அடைத்தது. கொற்றி கோடரியோடும் ஆட்களோடும் ஓடி வந்தாள். சாத்தன் வேலைக் குறுக்கே நீட்டினான்.

"கதவைத் திறப்பா!"

"சாவி என்னிடம் இல்லை அம்மா. உத்தரவும் இல்லை."

"உத்தரவு வரும்வரை நெருப்பை நிற்கச் சொல்லேன் பார்ப்போம்!"

"நான் என்ன செய்யட்டும் அம்மா? என் தலை போய்விடும்."

அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "அம்மா, குழந்தைக்கு மூச்சு முட்டுது" என்று நங்கையின் குரல் கேட்டது.

கொற்றி கோடரியை ஓங்கினாள். சாத்தன் அவளைக் குத்தியிருக்கலாம், குத்தவில்லை. வேலைக் கீழே போட்டான், தானும் ஒரு பாறையைத் தூக்கித் தாழ்ப்பாளை இடித்தான். கெட்டிக் கதவு. அரசாங்கக் கதவு. அது உடைய நேரம் பிடித்தது. உடைந்ததும் ஜனம் இருமிக்கொண்டு, தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. நங்கையும் வந்தாள். அவள் கையிலிருந்த குழந்தை அழவில்லை. முதுகைத் தட்டிப் பார்த்தார்கள், வாயில் ஊதிப் பார்த்தார்கள், தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். அழவே இல்லை.

செய்தி கேட்டுக் கொண்டல் நாட்டு அரசர் கொதித்தார். பட்டு அனுப்பிய கையே நெருப்பும் வைத்திருக்கிறது என்று நினைத்தார். படை திரட்டி மேட்டுக்கு வந்துவிட்டார். உதியவர்மன் மூன்று முறை தூது அனுப்பினான். மூன்று முறையும் தூதனைப் பேசவிடாமல் திருப்பி அனுப்பினார் அவர்.

அப்போது மந்திரி என்ன யோசனை சொன்னான் தெரியுமா? "கொற்றிதான் தீ வைத்தாள் என்று சொல்லி அவளை ஒப்படைத்துவிடலாம் மகாராஜா. அரசாங்கக் கதவை உடைத்தவள்தானே!" அரசனும் சரி என்றான். பாவி! பேரனைப் புதைத்த ஈரம் காயாத கையில் கயிற்றைக் கட்டி, கரிந்த மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இவள்தான் குற்றவாளி. உங்கள் இஷ்டப்படி தண்டியுங்கள்" என்றான் உதியவர்மன்.

தங்கள் அரசரோடு மேட்டுக்கு வந்திருந்த தேனூர் ஜனம் அதைக் கேட்டது. ஒரு கிழவர் முன்னால் வந்து, யாரையும் கேட்காமல், கொற்றியின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். "இவள் கோடரி எடுக்காவிட்டால் நாங்கள் ஒருவர்கூட இல்லை" என்று ஊர் ஜனங்கள் தங்கள் அரசரிடம் சொன்னார்கள்.

"அப்படியானால் வாசலைப் பூட்டியது யார்?" என்று கேட்டார் கொண்டல் நாட்டு அரசர்.

உதியவர்மனின் ஆட்களுக்கு நடுவிலிருந்து சாத்தன் முன்னால் வந்தான். "காவல் நின்றது நான். பூட்டச் சொன்னதும், சாவியை வாங்கிக்கொண்டதும், புல்லை வெட்டாதே என்றதும் எங்கள் அரசர்."

கொண்டல் நாட்டு அரசர் உதியவர்மனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாயே, இந்த மேட்டைப் பற்றி இனி உங்களோடுதான் பேசுவேன். வாசல் உங்கள் கையில் இருந்தால் படை திரும்பும். இல்லையென்றால் திரும்பாது" என்றார்.

உதியவர்மனோடு வந்திருந்த மற்ற இரண்டு தலைவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. இன்று மலையின் சாவி, நாளை மதகின் சாவி, மறுநாள் துறைமுகத்தின் சாவி. இருவரும் வந்து கொற்றியின் இரு பக்கமும் நின்றார்கள். "பழைய பேச்சுப்படி நடக்கட்டும். இல்லாவிட்டால் நாங்கள் உம்மோடு இல்லை" என்றார்கள். மூன்று வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்குச் சொன்னார்கள்.

உதியவர்மன் சாவியைக் கொடுத்தான், மந்திரியை விரட்டினான். கூட்டத்தில் நங்கை நிற்பதைப் பார்த்தான். பெரிய மனது வந்துவிட்டது அவனுக்கு.

"என்ன வேண்டுமோ கேள் அம்மா. எது கேட்டாலும் தருகிறேன்."

நங்கை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூன்று வருஷமாக என் அம்மா கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்" என்றாள்.

எல்லையில் வாழ்கிறவர்களின் பேச்சைக் கேட்காமல், எங்கோ உட்கார்ந்துகொண்டு எல்லையைப் பூட்டுகிற அரசு, அண்டை நாட்டின் நட்பையும் சொந்த ஜனங்களின் நம்பிக்கையையும் சேர்த்தே எரித்துவிடும்.