ஏரி மண்ணை நிறுத்தியது யார்?

முதலில் ஏரித் தவளைகள் களிமண் கொடுப்பதை நிறுத்தின. அந்தக் கோபத்தில் பனந்தோப்புத் தூக்கணாங்குருவிகள் நார் கொடுப்பதை நிறுத்தின. நார் வராததால் இலவங்காட்டுத் தையல்சிட்டுகள் இலைப் பந்தல் தைப்பதை நிறுத்தின. பந்தல் போனதும் ஏரிக்கரைக் குழிகளில் நீந்திய தலைப்பிரட்டைகள் நாரையின் கண்ணில் பட்டன.

இந்த நான்கு அநியாயங்களையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பாள் அஞ்சலை. அவள் ஏரிக்கரையில் வாழ்ந்த ஆள்காட்டிக் குருவி. எத்தனையோ போராட்டம் கண்டவள். நரியை எதிர்த்துக் கத்தியவள். பாம்பை எதிர்த்துக் கத்தியவள். ஒரு மழைநாளில் சூரியன் தாமதமாக வந்தது என்று அதையும் எதிர்த்துக் கத்தியவள்.

முன்பெல்லாம் ஏரி, தோப்பு, காடு மூன்றும் ஒரே பட்டறை போல இயங்கின. களிமண்ணை உள்ளே அப்பினால்தான் தூக்கணாங்கூடு காற்றில் சுழலாமல் நிற்கும். பனை நார் இருந்தால்தான் தையல்சிட்டுகள் பெரிய இலைகளைச் சேர்த்துத் தைக்கும். அந்த இலைப் பந்தலுக்குக் கீழேதான் தலைப்பிரட்டைகள் பயமின்றி வளரும். தோப்பில் ஒரு குருவி புது முடிச்சு கண்டுபிடித்தால், மூன்றாம் நாள் காட்டில் அந்த முடிச்சு இருக்கும்.

இந்தப் பருவத்தில் எல்லாம் நின்றுவிட்டது. காற்றுக்காலமோ நிற்காமல் வந்துவிட்டது.

ஒரு நாள் காலையில், சடையன் என்ற தூக்கணாங்குருவி மூச்சிரைக்கப் பறந்து வந்தான்.

"அக்கா! என் கூடு பம்பரமாச் சுத்துது! ஒரு முட்டை விழுந்துடுச்சு. இன்னும் ரெண்டுதான் இருக்கு!"

அஞ்சலையின் நெஞ்சு பதறியது. ஆனால் பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"கூட்டத்தைக் கூட்டுடா! குற்றவாளி யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்!"

அந்த மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. நின்ற வேலை மறுபடி நடக்க வேண்டுமானால், நின்றதற்குக் காரணமானவரின் பெயரை ஈரமண்ணில் கீற வேண்டும். சாட்சிகள் முன் அதை உரக்க வாசிக்க வேண்டும். வாசித்ததும் பகை முடிந்தது. பிறகு யாரும் சொல்லிக்காட்டக் கூடாது.

ஏரிக்கரையில் எல்லோரும் கூடினார்கள். ஆமையும் நண்டும் சாட்சிகள். அஞ்சலை ஒரு கல்மேல் ஏறி நின்றாள்.

"முதல் குற்றம் தவளைகளோடது! ஏன்டா மண்ணை நிறுத்தினீங்க?"

தவளைகளின் தலைவன் தொந்தியப்பன் தொண்டையைச் செருமினான்.

"நாங்களா நிறுத்தலைம்மா. ஒருத்தர் கரையில நின்னு முழங்கினாங்க. 'மண்ணு ஏரியோடது, பேரு மட்டும் பனந்தோப்புக் கூட்டுக்கா? ஏமாந்த தவளைகளே, ஒரு உருண்டை கூடக் கொடுக்காதீங்க!' அப்படின்னாங்க. கேட்டதும் ரத்தம் கொதிச்சிடுச்சு."

முழக்கம் நன்றாக இருக்கிறதே என்று அஞ்சலை ஒரு கணம் ரசித்தாள். அடுத்த கணம் அவளுக்கு உறைத்தது.

அது அவளுடைய முழக்கம்!

அதில் பொய் ஒன்றும் இல்லை. கூட்டைப் புகழ்ந்த எவரும் மண்ணைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் குருவிகளிடம் போய் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே கத்திவிட்டு, அடுத்த போராட்டத்துக்குப் பறந்துவிட்டாள்.

தவளைகள் எல்லாம் திடீரென்று ஒரு கொசுவை மிக அக்கறையாகப் பார்த்தன.

தொந்தியப்பன் தாவி வந்து மெல்லச் சொன்னான்: "பாம்பு வந்த அன்னைக்கு நீங்க கத்தலேன்னா நாங்க யாருமே இல்லம்மா. உங்க பேரைப் போய் மண்ணில கீறுறதா? நாரை பேரைப் போட்டுடலாம். அவன் எப்படியும் கெட்டவன்தானே!"

"ஆமா மதினி, நாரைதான்!" என்றாள் தையல்சிட்டு ராக்காயி. "நானே பார்த்தேன்!"

"என்னத்தடி பார்த்தே?"

"ஏதாவது பார்த்திருப்பேன்!"

அக்கரையில் ஒற்றைக் காலில் நின்ற நாரை ஒன்றும் புரியாமல் விழித்தது.

அஞ்சலைக்கு ஆசையாகத்தான் இருந்தது. எத்தனை வருடத்துப் பெயர்! அதை இன்று மண்ணில் போடுவதா? காற்று ஓங்கி அடித்தது. சடையன் தோப்புப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"டேய் சடையா," என்றாள் அவள். "உன் கூட்டு மண்ணு யாரோடதுன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"ஏரித் தவளைங்களோடதுன்னு சொல்லுவேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே அக்கா!"

"நானும் கேக்கலையேடா."

தவளைகளின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? நம்ம பேரைச் சொல்லுவானாம்!" என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இரண்டு தவளைகள் அப்போதே களிமண்ணை உருட்டத் தொடங்கின.

"நாரை பேரை எழுதினா இன்னைக்கு மண்ணு வரும்," என்றாள் அஞ்சலை. "பொய்யில ஒட்டின மண்ணு அடுத்த காத்துக்கு உதிரும். தள்ளுங்க எல்லாரும்."

அவள் கல்லிலிருந்து இறங்கினாள். ஈரமண்ணில் காலால் கீறினாள். தலை குனிந்தபடி ஏதோ முணுமுணுத்தாள்.

"கேக்கலை! உரக்க வாசி!" என்றது ஆமை.

வாழ்நாளில் முதல்முறையாக அஞ்சலையை உரக்கப் பேசச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கழுத்தை நிமிர்த்தினாள். ஏரியும் தோப்பும் காடும் கேட்க வாசித்தாள்:

"மண்ணு நின்னதுக்குக் காரணம், அஞ்சலை!"

சேர்ந்து தொழில் செய்யும் ஊர்களுக்காக நியாயம் கேட்கும் வாய், தன் தவற்றையும் அதே குரலில் சொல்ல வேண்டும்.