ஏரி வாரியத்துக்கு ஓர் ஆள்

முன்னொரு காலத்தில், பனையோலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்து ஊர்ப் பொறுப்புக்கு ஆள் வைக்கும் வழக்கமுள்ள ஒரு நாட்டில், அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. இனிமேல் குடத்தில் கண்டவன் பெயரெல்லாம் விழக்கூடாது; தகுதியுள்ளவன் பெயர் மட்டுமே விழ வேண்டும்.

ஆசை பிறந்த நேரம் சரியில்லை. தலைநகருக்கு மேற்கே பெரிய ஏரியின் கரை ஓரிடத்தில் கசியத் தொடங்கியிருந்தது. ஏரி வாரியத் தலைவர் கோடையிலேயே காலமாகிவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் வந்தால்தான் கரையை அடைக்க ஆணை பிறக்கும். ஐப்பசியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"தகுதி என்பது எது?" என்று அரசர் சபையில் கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை.

"வித்யாசாலையில் தேறிப் பட்டம் பெற்றவனே தகுதியானவன், அரசே. நூலறிவு இல்லாதவன் பொறுப்புக்கு வந்தால் நாடு நகைப்புக்கிடமாகும்" என்றார் தலைமைப் பண்டிதர் ஞானமூர்த்தி. அவருடைய மருமகன் அந்த ஆண்டுதான் பட்டத்தோடு ஊர் திரும்பி, மாமனார் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏட்டைக் காட்டினால் வெள்ளம் நின்றுவிடுமா? பத்தாண்டு பொறுப்பு வகித்த அனுபவசாலிதான் வேண்டும்" என்றார் தளவாய் செண்பகராயர். அவருடைய மைத்துனர் வாய்க்கால் மேற்பார்வை என்ற பெயரில் பல வருடமாக மரத்தடியில் படுத்திருந்தவர்.

விகடன் சடையாண்டி தூணில் சாய்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அலுப்பாக இருந்தது. இளமையில் சபைக்கு வந்தவன். இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் சம்மதிப்பதில்லை. இதே சண்டையை, குடமில்லாமல் அரசரே கோட்டைக் காவலுக்கு ஆள் வைத்தபோதும் கேட்டிருக்கிறான், நெற்களஞ்சியத்துக்கு ஆள் வைத்தபோதும் கேட்டிருக்கிறான். அவனையறியாமல் பெரிதாக ஒரு கொட்டாவி வந்துவிட்டது.

அரசர் பார்த்துவிட்டார். "சடையாண்டி! சபையில் கொட்டாவியா?"

எதிலும் ஒத்துப்போகாத பண்டிதரும் தளவாயும் அந்தக் கணமே ஒத்துப்போனார்கள். அரசர் இந்த விகடன் பேச்சைக் கேட்கிறாரே என்று இருவர் வயிறும் வெகுநாளாக எரிந்துகொண்டிருந்தது.

"அரசே, எங்கள் வாதம் விகடனாருக்கு அற்பமாகத் தெரிகிறது போலும்" என்றார் பண்டிதர். "பட்டமும் வேண்டும், அனுபவமும் வேண்டும் என்று ஆணையிடுங்கள். ஆளைக் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு."

"முடியாவிட்டால் சபையை விட்டுப் போகட்டும்" என்று முடித்தார் தளவாய்.

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும். பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். பத்தாண்டுக்குக் குறையாமல் பொறுப்பு வகித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஓலை குடத்தில் விழக்கூடாது. நாளை காலை குடம் சபைக்கு வரும்."

அப்படி ஓர் ஆள் அந்த நாட்டில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வித்யாசாலை தொடங்கியே சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பட்டம் பெற்றவர்கள் மீசை முளைக்காதவர்கள். அனுபவம் உள்ளவர்கள் வித்யாசாலை வாசலையே மிதிக்காதவர்கள்.

சடையாண்டி வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"இந்தத் தடவை தோத்துட்டு வீட்டோட இருந்துடலாம்னு பாக்கறேன்" என்றான் மனைவி பெரியநாயகியிடம். "மத்தவங்களைச் சிரிக்க வெச்சு எனக்கு வாய் வலிக்குது."

"இருங்களேன், யாரு வேணாம்னா? எனக்கும் துணையா இருக்கும்" என்றாள் அவள். குழம்பை ஊற்றிவிட்டுச் சற்று நின்றாள். "ஆனா என் தங்கச்சி வீடு கரைக்கு அடியிலதானே இருக்கு. காலைல வந்திருந்தா. அடுப்படியில தண்ணி ஊறுதாம். பிள்ளைங்களை எங்க கொண்டு போறதுன்னு அழுதுட்டுப் போறா."

அவன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுத்தாணியைத் தேடினான்.

மறுநாள் குடம் வந்தது. சடையாண்டி ஆள் யாரையும் அழைத்து வரவில்லை. இடுப்பிலிருந்து ஓர் ஓலையை எடுத்துக் குடத்தில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். பண்டிதரும் தளவாயும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அரசர் கைவிட்டு ஓலையை எடுத்தார். படித்தார். முகம் சிவந்தது. அதில் இருந்தது அவருடைய பெயர்.

"என்ன துணிச்சல் இது?"

"தங்கள் ஆணைப்படிதான் தேடினேன், அரசே" என்றான் சடையாண்டி. "பட்டம் பெற்றவர் என்றீர்கள். தங்களுக்குப் பட்டம் கட்டிய நாளில் ஊரே சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டது. பத்தாண்டுப் பொறுப்பு என்றீர்கள். தாங்கள் அரியணை ஏறி அதற்கு மேலேயே ஆகிறது. இரண்டும் சேர்ந்தவர் நாடெங்கும் தங்களைத் தவிர வேறெவரும் அகப்படவில்லை."

"நான் சொன்னது வித்யாசாலைப் பட்டம்!" என்று துள்ளி எழுந்தார் பண்டிதர்.

"அப்படியானால் அரசரின் பட்டம் செல்லாது என்கிறீர்களா, பண்டிதரே?"

பண்டிதர் உட்கார்ந்துவிட்டார்.

தளவாய் கனைத்தார். "இருந்தாலும், ஏரி வேலையில் அனுபவம்..."

"நாட்டை ஆள்பவருக்கு ஓர் ஏரியை ஆளத் தெரியாது என்று தளவாய் நினைக்கிறாரா?"

தளவாயும் உட்கார்ந்தார்.

அரசரின் கை உடைவாளின் மேல் இருந்தது. சடையாண்டி அதைப் பார்த்தான். பயம்கூட வரவில்லை, தலை போனால் கொட்டாவியும் சேர்ந்து போகும் என்று மட்டும் தோன்றியது. அந்த அமைதியில் மண்டபத்துக் கூரைமேல் சடசடவென்று சத்தம் கேட்டது. மழை பிடித்துக்கொண்டது.

அரசர் வாளிலிருந்து கையை எடுத்தார். "ஆணை என்னுடையது. பொறுப்பும் என்னுடையது. எல்லோரும் கிளம்புங்கள், கரைக்கு."

கரையில் சேறு கணுக்கால்வரை ஏறியது. கசிவு இப்போது சிறு ஓடையாகவே கொட்டிக்கொண்டிருந்தது. கீழே பெண்கள் பானைகளையும் ஆடுகளையும் தொட்டில்களையும் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார்கள். பண்டிதர் நனைந்துகொண்டே கரையடைக்கும் முறைபற்றி ஒரு செய்யுள் சொன்னார். தளவாய் வீரர்களை வரிசையாக நிறுத்தினார். நிறுத்தியபின் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அரசர் சடையாண்டியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சடையாண்டி."

"எனக்கும்தான், அரசே."

"பிறகு யாருக்குத்தான் விளங்கும்?"

"கொஞ்சம் பண்டிதரின் செய்யுளில் இருக்கும். கொஞ்சம் தளவாயின் ஆட்கள் கையில் இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கி, இன்றைக்கே மண் போட வைக்க ஒருவன் வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க முடியாதவன். அதற்குத் தாங்கள் ஒரே ஒரு விதி வைத்தால் போதும்."

"என்ன விதி?"

"வாரியத் தலைவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தக் கரைக்கு அடியில் குடியிருக்க வேண்டும்."

அரசர் திரும்பினார். "பண்டிதரே, உம்முடைய மருமகன் பெயரை ஓலையில் எழுதலாமா?"

"அவனுக்கு ஈரம் ஒத்துக்கொள்ளாது, அரசே. உடனே இருமல் வந்துவிடும்."

"தளவாய், உம்முடைய மைத்துனர்?"

"அவருக்கு எல்லைப்புறத்தில் அவசர வேலை, அரசே."

"நேற்றுவரை இல்லையே?"

"இன்று காலைதான் வந்தது."

அரசரின் தோள்கள் குலுங்கின. கொட்டுகிற மழையில், சேற்றில் நின்றபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் குடத்தை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். கரைக்கு அடியில் குடியிருப்பவர்கள் மழையோடு மழையாக ஓலை போட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பண்டிதரே எழுதிக்கொடுத்தார்.

அரசர் ஓர் ஓலையை எடுத்துப் படித்தார். "மன்னாதன். யார் இவன்? படித்தவனா, அனுபவம் உள்ளவனா?"

"அதை யாரும் விசாரிக்கவில்லை, அரசே" என்றான் சடையாண்டி. "அதோ பாருங்கள், அவன்தான்."

மன்னாதன் மண் கூடையோடு ஓடிக்கொண்டிருந்தான். "ஐயா பண்டிதரே, அந்தக் களிமண் பாட்டை இன்னொரு தரம் சொல்லுங்க, மெதுவா!" என்று கத்தினான். "சிப்பாயிங்களா, வரிசை அப்புறம் நிக்கலாம், இந்தக் கூடையைப் பிடிங்க!"

இருட்டுவதற்குள் ஓடை நின்று வெறும் கசிவாயிற்று; பிறகு அதுவும் நின்றது.

அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்? கேள்."

"தூங்க வேண்டும், அரசே. யாரும் எழுப்பாமல்."

அரசர் மறுபடியும் சிரித்தார். "ஒரு மாதம் நீ சபைப் பக்கமே வர வேண்டாம். என் பல்லக்கிலேயே வீட்டுக்குப் போ."

பல்லக்கு கரையைவிட்டு இறங்குவதற்குள் சடையாண்டி குறட்டை விட ஆரம்பித்திருந்தான். வீட்டு வாசலில் இறக்கியதும், ஆட்கள் அவனை எழுப்பக் கை நீட்டினார்கள். பெரியநாயகி தடுத்துவிட்டாள். திரையை விலக்கி ஒருமுறை பார்த்தாள். அவர்களுக்கு ஆளுக்கொரு சொம்பு மோர் கொடுத்தாள்.

"பல்லக்கு இங்கேயே கிடக்கட்டும்ப்பா. காலைல வந்து எடுத்துக்குங்க."