மயிலின் போனும் திறக்காத பின்வாசலும்

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையின் மேல், ஒரு மயில் முகம் வாடி உட்கார்ந்திருந்தது.

வாடாமல் என்ன செய்யும், குழந்தைகளே? ஆவணி பிறந்துவிட்டது. வருடா வருடம் நடப்பதுபோல் தோகை முழுவதும் உதிர்ந்து, பின்பக்கம் கோழியைப்போல் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து, நாளைக் காலை பக்கத்துக் காட்டுப் பெண்மயில் தன் அம்மாவோடு மாப்பிள்ளை பார்க்க வருகிறது!

மயிலிடம் ஒரே ஒரு வீடியோ இருந்தது. ஆனி மாத மழையில் அது தோகை விரித்து ஆடிய வீடியோ. அதைக் காட்டினால் போதும். ஆனால் அதைத் தொட்டவுடன், போனில் கம்பெனியே போட்டு அனுப்பிய ஜோசிய ஆப் குறுக்கே வந்து, "இன்று உங்கள் ராசிக்கு..." என்று ஆரம்பிக்கும். அத்தோடு போன் அசையாது. அந்த ஆப்பை அழிக்கவும் வழியில்லை.

மயில் போனைத் தூக்கிக்கொண்டு வெள்ளெலியிடம் ஓடியது. அந்தக் காட்டில் போன் வேலை தெரிந்தது வெள்ளெலிக்குத்தான். வேலை தெரிந்த அளவுக்குப் பயமும் உண்டு.

"எலியக்கா, இதை ரூட் செய்துகொடுங்கள். ரூட் செய்தால் கம்பெனி பூட்டி வைத்ததைக்கூட நாமே தூக்கி எறியலாமாமே!"

"எறியலாம், தம்பி. எறியக் கூடாததையும் எறியலாம். அப்புறம் போன் எழுந்திருக்காது. அதனால் முதலில் கஸ்டம் ரெகவரி போட வேண்டும்."

"அது எதற்கு?"

"அது போனுக்குப் பின்வாசல். முன்வாசல் அடைத்துக்கொண்டால், அந்த வழியாக உள்ளே போய் எழுப்பலாம். ரூட் செய்வதற்கு முன்பே எல்லாவற்றையும் நகல் எடுத்தும் வைக்கலாம்."

"நான் மரத்தில் தூங்குகிறவன். எனக்கு முன்வாசலே கிடையாது, பின்வாசல் எதற்கு?"

"என் வளைக்குப் பின்வாசல் இருப்பதால்தான், பாம்பு வந்துபோன பிறகும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்."

மயில் போனை நீட்டியது.

வெள்ளெலியின் பழைய மடிக்கணினி ஒரு பாறைப் பொந்துக்குள் இருந்தது. மயில் அதற்குள் நுழைய முடியாது. அதனால் எலி உள்ளே, மயிலும் போனும் வெளியே, நடுவில் ஒரு வயர். நல்லவேளையாக, வெளியிலிருந்து எதையும் ஏற்றவிடாத கம்பெனிப் பூட்டை, போனை விற்ற கிளியே அவிழ்த்துவிட்டிருந்தது. எலி எழுத்துக்கு எழுத்து தாவித் தட்டியது.

"ரெகவரியை அனுப்பிவிட்டேன்! வயரைப் பிடுங்குங்கள். பவர் பொத்தானையும் சத்தம் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். என் கைக்கு இரண்டும் எட்டாது. பின்வாசல் திறக்கும்வரை விடாதீர்கள். விட்டால் போன் வழக்கம்போல எழுந்து, புது வாசலை அடைத்துவிட்டுக் கம்பெனியின் பழைய வாசலையே வைத்துவிடும்."

மயில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலால் அழுத்தியது. திரை கறுப்பானது. கறுப்புத் திரையில் ஒரு முகம் தெரிந்தது.

'அட, நான்! ஐயோ, கொண்டையில் ஓர் இறகு சாய்ந்திருக்கிறதே!'

சட்டென்று காலை எடுத்து இறகைச் சரிசெய்தது. 'டிங்' என்று போன் வழக்கம்போல எழுந்தது.

"திறந்ததா, தம்பி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இல்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஒற்றைக் கால்.

"திறந்தது, அக்கா!"

"உள்ளே போய்ப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன், பார்த்தேன்."

"நகல்?"

"எடுத்தாயிற்று!"

எலி வயரைச் சொருகச் சொல்லி, ரூட் வேலையையும் முடித்துக்கொடுத்தது.

மறுநாள் விடிந்ததும் மயில் சிக்னல் பாறையில் உட்கார்ந்து ஜோசிய ஆப்பை அழித்தது. ஆஹா! கார் பந்தய ஆப்பை அழித்தது. கால் சும்மா இருக்கவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று இருந்தது. 'பார்க்கவே லட்சணமாக இல்லை' என்று அதையும் அழித்தது.

போன் அணைந்தது. கம்பெனியின் சின்னம் வந்தது. போனது. மறுபடி வந்தது.

அந்த நேரத்தில்தான் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள்.

"மாப்பிள்ளை எங்கே? இந்தக் கோழி யார்?" என்றது அம்மா மயில்.

"நான்தான் அத்தை! தோகை உதிர்ந்துவிட்டது."

"எல்லாருக்கும்தான் உதிர்கிறது. என்ன இருந்தது என்பதைக் காட்டுங்கள்."

மயில் அவசரமாக இரண்டு பொத்தான்களையும் அழுத்தியது. இம்முறை விடவே இல்லை. ஒரு வாசல் திறந்தது. அதில் ஒரே ஒரு வரி பளிச்சென்று தெரிந்தது: 'அனைத்தையும் அழி.'

விருந்துக்கு வந்திருந்த வெள்ளெலி எட்டிப் பார்த்துக் கத்தியது.

"தொடாதீர்கள்! இது பழைய வாசல்! நேற்றுத் திறந்தது என்றீர்களே?"

"திறக்கிற மாதிரிதான் இருந்தது..."

"நகல்?"

மயில் கொண்டையைச் சொறிந்தது.

"பரவாயில்லை, பொந்துக்கு எடுத்து வாருங்கள். மறுபடி போட்டு எடுத்துவிடலாம்."

"அதுவரை அத்தை காத்திருப்பார்களா? இதை அழுத்தினால் போன் உடனே எழுந்துவிடும்!" என்று சொல்லி, மயில் அந்த வரியை ஒரே அழுத்தாக அழுத்தியது. எல்லாம் அழிந்தது. பிறகும் போன் எழவில்லை. சின்னம் வந்தது, போனது.

"வீடியோ போனால் போகட்டும்! எனக்குத் தோகை இருந்தது. இந்தப் பாறையையே மூடும்! நான் சொல்கிறேனே!" என்றது மயில்.

பெண்மயில் மெதுவாகக் கேட்டது:

"பின்வாசல் திறந்தது என்றீர்களே, தோகையும் அந்த மாதிரித்தான் இருந்ததா?"

பிறகு அம்மாவும் மகளும் பறந்துபோனார்கள்.

நீதி: தப்பிக்கும் வழியைத் திறந்து பார்க்கும் முன், திறந்தது என்று சொல்லாதே.